சாமித்தம்பி அண்ணன் கேட்ட ஒரே கதை

மேசைமேல் என் குரல் பேசிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"செவ்வாய்க்கிழமை. ஆள் நடமாட்டம் அடங்கட்டும். தோணியோடு வந்து நிற்பேன்."

"சாமான்?"

"நெல் மூட்டைக்குள் வை. மேலே உமியைப் போடு."

"யாராவது கேட்டால்?"

"என்னைத் தெரியாது என்று சொல்."

ஆண் குரலும் நான்தான், பெண் குரலும் நான்தான். அது ஒரு நாவலின் அறுபத்தோராம் பக்கம். கொடுமைக்காரப் புருஷனை விட்டு ஓடப்போகும் ஒருத்தியும், அவளை அக்கரை சேர்க்கச் சம்மதித்த தோணிக்காரனும் பேசிக்கொள்ளும் இடம். ஆனால் இராணுவ முகாமில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்ன சார்ஜன் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவராம். தமிழ் பேசுவார், எழுத்துத் தெரியாது.

தோணி, நெல் மூட்டை, தெரியாது என்று சொல். அந்த நாட்களில் இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கே சந்தேகம் வரும். அவர்களைக் குறை சொல்லி என்ன?

சுவரோரம் நிலத்தில் சாமித்தம்பி அண்ணன் குந்தியிருந்தார். தயிர் விற்கிறவர். காலை ஆறு மணிக்கு அவருடைய கூடையிலிருந்து அந்தக் கசெட்டை எடுத்திருந்தார்கள். இப்போது பகல் ஒரு மணி. நான்கு மணிக்குப் பட்டணத்திலிருந்து ட்ரக் வரும், பிடித்து வைத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அப்படி ஏறிப் போனவர்களைத் தேடி அலைந்த தாய்மாரை எனக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தெரியும்.

சார்ஜன் டேப் ரெக்கோடரை நிறுத்தினார்.

"டீச்சர், இதுல தோணியோட வர்றேன்னு சொல்றது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். எனக்கே அது பொய்யாகக் கேட்டது.

காதில் மாட்டிக்கொண்டு

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ‘இப்போதெல்லாம் புத்தகம் வாசிப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்கிறீர்களாமே, அது வாசிப்பாகுமா?’ என்று ஒரு குத்தல். ஆகும் ஐயா. கண்ணில் புரை விழுந்தால் உங்களுக்கும் ஆகும்.

என் மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது தொலைபேசியில் ஒலிநூல்கள் ஏற்றித் தந்துவிட்டுப் போனாள். மீன் வெட்டும்போது கேட்கிறேன். துணி மடிக்கும்போது கேட்கிறேன். கதை உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மடிப்பதற்குத் துணி இல்லாவிட்டால், மடித்ததைக் கலைத்து மறுபடி மடிக்கிறேன். இதைவிடச் சுகம் வேறு என்ன வேண்டும்?

ஆனால் வாசிக்கிறவர்கள் எல்லாரையும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சிலர் கதாபாத்திரம் அழுவதற்கு முன்பே தாங்கள் அழுதுவிடுகிறார்கள். நமக்கு அழ ஒன்றும் மிஞ்சுவதில்லை. சிலர் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, வந்தானா வரவில்லையா என்று தெரியாமல் நான் கத்தியும் கையுமாக நிற்கவேண்டியிருக்கிறது. பின்னால் வீணையை இழுத்துவிடுகிறவர்களைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

இன்னொரு குறை. மூச்சு விடும் சத்தத்தை இப்போது இயந்திரத்தில் வெட்டி எறிந்துவிடுகிறார்களாம். மூச்சே விடாமல் ஒரு மனுஷி முந்நூறு பக்கம் வாசித்தால் எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

இப்படியெல்லாம் சொல்ல இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. முப்பத்தேழு கசெட் வாசித்தவள் நான். கேட்டவர் ஒரே ஒருவர்.

அத்தானுக்குக் கண் போன கதை

அந்த ஒருவர் என் அக்காவின் புருஷன். செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில், அதாவது அக்காவின் வீட்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வரவேண்டும். அத்தான் வந்தபோது ஒரு பெட்டியில் உடுப்பு, மூன்று பெட்டியில் புத்தகம். அதைப் பார்த்து எங்கள் அம்மா முகம் சுளித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சண்டை நாட்களில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று போனது. அத்தானுக்குக் கண் போனது, ஆனால் குண்டினால் அல்ல. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. முதலில் சின்ன எழுத்து மறைந்தது, பிறகு பெரிய எழுத்து, பிறகு அக்காவின் முகம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா அடுப்படியிலேயே இருந்துவிடுவாள்.

அக்கா வாசித்துக் காட்டலாம். வாசித்தாள். இரண்டு பக்கத்தில் தூங்கிவிட்டாள்.

எனக்கு அப்போது படுவான்கரையில் ஆசிரியை வேலை. வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை படையினரின் கையில். படுவான்கரை அவர்களோடு சண்டையிட்ட இயக்கத்தின் கையில். நடுவில் வாவித் தண்ணீர். ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவை ஒன்று உண்டு, அதை நாங்கள் ‘பாதை’ என்போம். பாதை ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. வாராவாரம் வீட்டுக்கு வர முடியாமல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அத்தான் கேட்டார். "மச்சாள், சவூதிக்குப் போன ஆக்கள் கசெட்டுல கடிதம் பேசி அனுப்புறாங்கதானே. நீ எனக்கு ஒரு புத்தகம் பேசி அனுப்பன்."

அப்படித்தான் தொடங்கியது.

நெல் அறை

முதல் கசெட்டை என் அறையில் வைத்துப் பதிந்தேன். போட்டுக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. சீமெந்துச் சுவர் குரலைத் திருப்பி அடித்தது. பிறகு வீட்டுக்காரர் நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் மூட்டை. எதிரொலி எல்லாம் நெல்லுக்குள் போய்விட்டது. குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இப்போது ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற ஒலிப்பதிவுக் கூடத்தை நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். மூக்கில் தூசி ஏறித் தும்மல் வரும், அது ஒன்றுதான் குறை.

பெரிய பாடு பற்றரி. அக்கரையில் மின்சாரம் இல்லை. பற்றரியை அந்தப் பக்கம் கொண்டுபோகவும் தடை. என்னிடம் நாலு இருந்தன. எப்படி வந்தன என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. தேய்ந்துபோனால் ஓட்டின்மேல் வெயிலில் காயவைப்பேன். கொஞ்சம் உயிர் வரும். அந்த அரை உயிரில் பதியும்போது நாடா மெதுவாகச் சுற்றும். அதை வீட்டில் மின்சாரத்தில் போட்டால் வேகமாக ஓடும், என் குரல் கீச்சுக் கீச்சென்று பதினைந்து வயதுப் பெட்டையின் குரலாகிவிடும்.

கசெட்டுக்கும் தட்டுப்பாடுதான். புதிது கிடைக்காது. கோயில் திருவிழாக்களில் போட்டுத் தேய்ந்த பக்திப்பாட்டுக் கசெட்டுகளைக் கேட்டு வாங்கி, மேலே பதிவைத் தடுக்கும் இரண்டு பொட்டுத் துளைகளையும் பசைத்தாளால் அடைத்து, அவற்றின்மேல் பதிவேன். வெளியே ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தை உரிக்க மனம் வரவில்லை. சாமி படத்தை எப்படிக் கிழிப்பது?

எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் அது பிழைதான், பெரிய பிழை.

கூடையில் வந்த விமர்சனம்

கசெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சாமித்தம்பி அண்ணன். தினமும் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கூடையில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, பாதையில் கடந்து எழுவான்கரைக்குப் போவார். குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு என்று வீடு வீடாகக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவார். வெள்ளிக்கிழமை கசெட் போகும். சனிக்கிழமை, முந்திய வாரத்துக் கசெட்டுக்கு அத்தானின் விமர்சனம் அவர் வாயாலேயே திரும்பி வரும். கதையில் ஒரு வரிகூட அவர் கேட்டதில்லை.

"ரீச்சர், ஐயா சொல்லச் சொன்னாரு, கோயில்ல புராணம் படிக்கிற மாதிரி இழுக்க வேணாமாம்."

இன்னொரு கிழமை: "மழை பெய்யிற இடத்துல அவதிப்பட்டு ஓடாதீங்களாம். மழை பெய்ஞ்சு முடியட்டுமாம்."

இன்னொரு கிழமை: "ஆம்புளக்கி ஆம்புளக் குரல் வைக்க வேணாமாம். தொண்டய அடைச்சிக்கிட்டுக் கதைச்சா ஐயாவுக்குச் சிரிப்பு வருதாம். ஒள்ளம் மெதுவாக் கதைச்சாக் காணுமாம், ஆம்புள எண்டு விளங்குமாம்."

ஒள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்சம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் கோபிக்கிறேனோ என்று. கோபம் வரத்தான் செய்தது. நெல் தூசியைத் தின்று நான் வாசிக்க, அங்கே சாய்கதிரையில் கிடந்தபடி இந்த மனுஷன் குறை பிடிக்கிறார். ஆனால் அடுத்த கசெட்டில் திருத்திக்கொள்வேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி.

அவர் எப்படிக் கேட்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒரே நாளில் கேட்டு முடித்துவிட மாட்டாராம். நாளுக்குப் பத்து நிமிடம். நல்ல இடம் வந்தால் நிறுத்திவிடுவாராம், நாளைக்கு இருக்கட்டும் என்று. பதியும்போது தூரத்தில் ஏதும் வெடித்தால் அதுவும் பதிவாகிவிடும். "கதையில மழ பெய்யிற இடத்துல ஒண்டு விழுந்திருக்கு" என்று அக்காவிடம் சொல்வாராம். அதற்குப் பிறகும் நான் வாசித்துக்கொண்டு போவது கேட்டால்தான் கதைக்குத் திரும்புவாராம். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தானின் கடைசி விமர்சனம் இது. "ஆளுக்கு ஆள் பின்னால ‘என்றான்’, ‘என்றாள்’ எண்டு ஒருத்தன் வாலப் புடிச்சிக்கிட்டு வாறானாம். அவன வெளிய அனுப்பட்டுமாம்."

அனுப்பினேன். உரையாடல்களில் அந்தச் சொற்களை எல்லாம் விட்டுவிட்டு வாசித்தேன். இரண்டு பேர் உண்மையாகவே பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. போட்டுக் கேட்டபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் வாசித்ததிலேயே நல்ல கசெட் அதுதான். அந்த வெள்ளிக்கிழமை சாமித்தம்பி அண்ணனிடம் அதைக் கொடுத்து அனுப்பினேன்.

பள்ளிக்கூட வேலி

அன்று காலை எட்டு மணியிருக்கும். ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேலியோரம் சாமித்தம்பி அண்ணனின் மனைவி பாக்கியக்கா வந்து நின்றா. சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தா.

"ரீச்சர், எங்கட மனிசன துறையடியில புடிச்சி வச்சிரிக்காங்களாம். உங்கட கசெட்டாம்."

பிள்ளையார் படத்தைப் பார்த்து வாராவாரம் விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் காவலில் நின்ற ஒருவருக்குப் பாட்டுக் கேட்க ஆசை வந்திருக்கிறது. போட்டிருக்கிறார். பிள்ளையார் பாட்டு வரவில்லை.

"நாலு மணிக்கு ட்ரக் வருமாம். நீங்க போய்ச் சொன்னா விடுவாங்களா?"

பள்ளிக்கூட அதிபர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, "புள்ள, நீ போனா ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள். பேசாம இரி. விசாரிச்சிட்டு விடுவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் காலத்தில் அதுதான் புத்தி.

நான் வகுப்புக்குத் திரும்பிப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயமே பொய். ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்னக் கணக்குப் படிப்பித்தேன். வெண்கட்டி கையில் இரண்டு முறை உடைந்தது. மூன்றில் இரண்டு பெரிதா, நான்கில் மூன்று பெரிதா என்று நானே தடுமாறினேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாக்கியக்கா வெயிலில் அதே இடத்தில் நின்றா. என்னைத் திட்டவில்லை, கூப்பிடவும் இல்லை, நின்றா.

கடைசியில் அறைக்குப் போய் அந்த நாவலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். விடியற்காலையில் ஓடிய பாதை அதன்பிறகு பதினொரு மணி வரை ஓடவில்லை. கரையில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டது.

மூன்று தரம்

புத்தகத்தைக் காட்டினால் போதும் என்று நம்பிப் போனேன். சார்ஜன் அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது அவருக்கு எழுத்துத் தெரியாது என்று. அறுபத்தோராம் பக்கத்தில் தோணி இருந்தால் என்ன, தோட்டம் இருந்தால் என்ன? எல்லாமே அவருக்குக் கோடுதான்.

"கதைன்னு சொல்றீங்க. இந்த ஆளு காலையில இருந்து தெரியாதுன்னே சொல்றான். கசெட் யாரு குடுத்தான்னா தெரியாது, யாருக்குன்னா தெரியாது. டேப்பும் அதைத்தானே சொல்லிக் குடுக்குது, கேட்டா தெரியாதுன்னு சொல்லுன்னு?"

என்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அந்த மனுஷன் ஏழு மணித்தியாலம் ‘தெரியாது’ என்றே சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லே அவருக்கு வினையாக வந்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போதும் தெரியாதவர் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"இங்கேயே வாசிக்கச் சொல்றார்" என்றார் சார்ஜன். "டேப்பைப் போடுறோம், நீங்க வாசிங்க. ஒண்ணா இருக்கான்னு பார்க்கணும்."

வாசித்தேன். அட்டெண்டன்ஸ் கூப்பிடுவதுபோல் வந்தது. பயத்தில் ஒரே மூச்சில் ஓடி முடித்துவிட்டேன். சார்ஜன் நாடாவை ஓடவிட்டார். அதில் கீச்சுக் குரல். பதிந்த அன்று பற்றரி அரை உயிரில் இருந்திருக்கிறது.

"இது சின்னப் பொண்ணு குரல். உங்க குரல் இல்ல."

பற்றரி தேய்ந்துவிட்டது என்று வாய் வரை வந்தது. பற்றரியா, உனக்கு ஏது என்று அடுத்த கேள்வி வருமே! விழுங்கிக்கொண்டேன்.

இரண்டாம் தரம், குரலைக் கீச்சாக்கிப் பார்த்தேன். ஆணுக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற படையினன் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை.

அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"ரீச்சர், அப்படியில்ல."

எல்லாரும் திரும்பினோம். சாமித்தம்பி அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"செவ்வாய்க்கிழம எண்டு சொல்லிப்போட்டு ஒருக்கா மூச்சு எடுப்பீங்க. சாமான் எண்டு கேக்கக்குள்ள அவ பயத்துல கேக்கல்ல, சும்மா கேப்பா. தெரியாது எண்டு சொல்லெண்டதுக்குப் பொறகு ஒள்ளம் நிப்பீங்க. நல்லா நிப்பீங்க. மறுகாத்தான் அந்தப் பொம்புள கதைப்பா."

சார்ஜன் அதை அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி கதிரையில் முன்னால் சாய்ந்தார். மறுபடி வாசி என்று கையைக் காட்டினார்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டு, அவருக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். என் சொந்தக் குரலில், மூச்சு எடுக்கவேண்டிய இடத்தில் எடுத்தேன்.

"என்னைத் தெரியாது என்று சொல்."

நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாமித்தம்பி அண்ணனின் தோள் இரண்டும் மேலே எழும்பி இறுகின. பிறகு சொன்னேன்.

"தெரியாது என்று எப்படிச் சொல்வேன்?"

சார்ஜன் நாடாவை ஓடவிட்டார். கீச்சுக் குரல்தான். ஆனால் மூச்சு அதே இடத்தில், நிறுத்தம் அதே இடத்தில், அதே அளவு. தமிழ் தெரியாத அந்த அதிகாரிதான் முதலில் தலையை ஆட்டினார். சொல் விளங்காதவருக்கு நிறுத்தம் மட்டும்தானே கேட்கும்!

ஆளுக்கொரு குரல் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். குரல் மாறும், பற்றரி தேய்ந்தாலே மாறும். எங்கே நிற்கிறோம் என்பதுதான் ஆளைக் காட்டிக் கொடுக்கிறது. நல்ல வாசிப்பு எது என்று கடிதம் எழுதியவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது ஒன்றுதான்.

"கதைன்னா கதைன்னு டேப்பில சொல்லணும்ல?" என்றார் சார்ஜன், வெளியே விடும்போது. அதற்குப் பிறகு கசெட்டுகளை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன், எல்லாவற்றையும் ‘இது ஒரு கதை’ என்று தொடங்கினேன். ‘என்றான்’, ‘என்றாள்’ அத்தனையையும் உரக்க வாசித்தேன். அத்தான் ஒரு குறையும் சொல்லவில்லை.

பாதையில்

கசெட்டைத் தரவில்லை. ஆளைத் தந்தார்கள். மூன்றே முக்காலுக்குத் துறைக்கு நடந்தோம். பாதை கரையை விட்டு விலகும்போது ட்ரக் வந்து முகாம் வாசலில் நின்றது. அதன் பின்பக்கத்தில் யாரும் இல்லை.

சாமித்தம்பி அண்ணன் சைக்கிளைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லவேண்டுமே. ஒரு மணி நேரம் வகுப்பில் நின்றேனே, அதையாவது சொல்லவேண்டும்.

"அண்ணன்" என்றேன், மெதுவாக.

அவர் சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். சைக்கிள் சரிந்து கூடை பலகையில் விழுந்தது. பாதையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. கையை எடுத்தார்.

"கோவிக்காதீங்க ரீச்சர்" என்றார். "நீங்க கதைச்சா எனக்கு அந்தக் கசெட் ஓடுது."

"நிறையத் தரம் போட்டாங்களா?"

"எண்ணல்ல. ஒவ்வொருக்காலும் தெரியாது எண்டு சொல்லெண்டு வரும். நீங்க ஒள்ளம் நிப்பீங்க. அதுக்குள்ளதான் அடிப்பாங்க. நீங்க திருப்பிக் கதைக்கத் தொடங்கினாப் பொறகு நிப்பாட்டுவாங்க." கூடையை நிமிர்த்தினார். "அதான் எனக்கு எவ்வளவு நேரமெண்டு தெரியும்."

அக்கரையில் பாக்கியக்கா நின்றுகொண்டிருந்தா. நான் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. சொல்லவேண்டியதையும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து எனக்குத் தெரியாமலே ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வேலிப் படலையடியில் சைக்கிள் மணி ஒரு முறை அடிக்கும். நான் வெளியே போவேன். அவர் சட்டியை நீட்டுவார், நான் வாங்குவேன், பழைய சட்டியைக் கொடுப்பேன். அவர் தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். எனக்கு மாற்றம் கிடைத்து அந்த ஊரை விட்டு வரும்வரை நாலு வருடம் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக நின்றேன். அவர் விளங்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.